தரங்கம்பாடிக்குப் போன மஞ்சள் லென்ஸ்

லென்ஸைக் கண்டெடுத்தது பெரியம்மாதான். போகிக்கு முதல் நாள் மாயவரம் வீட்டுப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது, ஓர் எவர்சில்வர் சம்புடம் கையில் கனத்தது. திறந்தால் உள்ளே முழுக்க அரிசி. அரிசிக்கு நடுவே துணியில் சுற்றிய ஒரு லென்ஸ்.

"உங்க பெரியப்பா பொங்கல் வைக்க எடுத்து வெச்சிருக்கார் பாரு" என்று என்னிடம் நீட்டினார்.

பெரியப்பா ஊஞ்சலில் இருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார். பதினைந்து வருடங்களுக்கு முன்பு ஸ்டூடியோவை மூடியதிலிருந்து அவர் கேமராவைத் தொட்டதில்லை. கல்யாண வீடுகளில் யாராவது போனை நீட்டி ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னால்கூட, "கண்ணு சரியில்லை" என்று நகர்ந்துவிடுவார்.

லென்ஸின் முன்வளையத்தில் 'சூப்பர் டகுமார் 1:1.4/50' என்று பொறித்திருந்தது. ஜப்பானின் அசாஹி ஆப்டிகல், அதாவது பென்டாக்ஸ் கேமராக்களைச் செய்த கம்பெனி, 1960-களில் செய்த லென்ஸ். 1974-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் கேமராவோடு சேர்த்து வாங்கினாராம். கேமரா என்றோ மூச்சை நிறுத்திவிட்டது. லென்ஸின் வளையம் மட்டும் இன்னும் நெய் தடவியதுபோலச் சுழன்றது.

போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கத்தில் அடித்து மறுபக்கம் வழியாகப் பார்த்தேன். பழைய லென்ஸ் கைக்கு வந்தால் நீங்களும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். சிலந்தி வலைபோல இழை இழையாகத் தெரிந்தால் பூஞ்சை. நடுவிலுள்ள அபர்ச்சர் இதழ்கள் எண்ணெய் பூசியதுபோல மினுங்கினால் அவை ஒட்டிக்கொள்ளும். இரண்டு தூசி, ஒரு சின்னக் கீறல் எல்லாம் படத்தில் தெரியாது. இந்த லென்ஸில் ஓரமாகக் கொஞ்சம் பூஞ்சை இருந்தது. அரிசி முழுவதும் காப்பாற்றவில்லை. ஆனால், என்னைத் திடுக்கிட வைத்தது வேறு: கண்ணாடி மஞ்சளாக இருந்தது. நன்னாரி சர்பத் வழியாக உலகத்தைப் பார்ப்பதுபோல.

இந்த மஞ்சளுக்கு ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் சில லென்ஸ் கண்ணாடிகளில் தோரியம் ஆக்சைடு கலப்பார்கள். அப்படிச் செய்தால் கண்ணாடி ஒளியை அதிகமாக வளைக்கும். ஆனால், நிறங்களைத் தாறுமாறாகப் பிரிக்காது. தோரியம் கதிரியக்கப் பொருள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாதுவுக்குள் இருப்பதும் இதுதான். வருடக்கணக்கில் அந்தக் கதிர் பட்டுப் பட்டுக் கண்ணாடியே பழுத்துப் போகிறது. கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. உடைத்துத் தூளாக்காமல் இருந்தால் போதும்.

மருந்து என்ன தெரியுமா? வெயில்! புற ஊதாக் கதிர் பட்டால் அந்த மஞ்சள் மெல்ல வெளுக்கும். பூஞ்சையைச் சென்னையில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்துகொண்டு, மாசி மாதம் மறுபடி மாயவரம் போனேன். மொட்டை மாடியில் பெரியம்மா வடகம் பிழிந்திருந்த வேட்டியின் ஓரத்தில், பின்பக்கக் கண்ணாடி மேலே பார்க்கிற மாதிரி லென்ஸை வைத்தேன். கீழே அலுமினியத் தாள் வைக்க மறந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் தீய்ந்த வாசனை. லென்ஸ் என்பது பூதக்கண்ணாடியும்தான் என்பதை வேட்டி நினைவுபடுத்தியது. பெரியம்மா என்ன சொன்னார் என்பதை எழுத முடியாது. பிறகு தாள் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து காக்காயையும் நெருப்பையும் சேர்த்துக் காவல் காத்தேன்.

இரண்டு வாரம் ஆனது. தினமும் சாயங்காலம் லென்ஸை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்ப்போம். சர்பத் தேன் நிறமானது. தேன் எலுமிச்சைச் சாறானது. கடைசி நாள் பெரியப்பா ஊஞ்சலை விட்டு எழுந்து வந்தார். அவருக்குப் போன வருடம்தான் இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தார்கள். தாளையும் லென்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படித்தான் இருந்துது பாப்பா. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, சுவரு இவ்வளவு வெள்ளையான்னு ஆயிடுச்சு" என்றார்.

அன்றுதான் என் கேமராவை முதல்முறையாகக் கையில் வாங்கினார்.

என்னுடையது சோனி மிரர்லெஸ். பெயரிலேயே சமாசாரம் இருக்கிறது: உள்ளே கண்ணாடி இல்லை. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட வேண்டும். அதற்கு இடம் விட்டே லென்ஸைச் செய்தார்கள். இந்த டகுமார் லென்ஸ், ஃபிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டியது. என் கேமராவில் அந்தத் தூரம் 18 மி.மீ.தான். மிச்சமுள்ள இருபத்தேழரை மி.மீ. இடைவெளியை ஒரு வெற்று வளையத்தால் நிரப்பிவிட்டால், 50 வருடத்துக்கு முந்தைய லென்ஸும் இந்தக் காலத்து கேமராவும் சம்பந்தி ஆகிவிடும். அந்த வளையம்தான் அடாப்டர். ஒரு பக்கம் எம்42 என்ற திருகு மறை, மறுபக்கம் சோனி பூட்டு.

பெரியப்பா அடாப்டரைக் கண்ணருகே வைத்து, அதன் வழியாகப் பெரியம்மாவைப் பார்த்தார்.

"உள்ள கண்ணாடி எதுவும் இல்லையே?"

"இல்லை பெரியப்பா, வெறும் வளையம்தான்."

"அப்ப இது முக்காலி. எட்டாதவனைத் தூக்கி உட்கார வைக்குது. அவ்வளவுதான்."

இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.

மாட்டியதும் படம் எடுக்க வரவில்லை. இதுவும் எல்லோருக்கும் நடக்கும். அடாப்டரில் மின்தொடர்பு எதுவும் இல்லாததால், லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கலாம் என்று அனுமதி கொடுக்க வேண்டும். லென்ஸின் பக்கத்தில் ஒரு குட்டி விசை இருக்கும், ஆட்டோ, மேனுவல் என்று. அதை மேனுவலில் வைத்தால்தான் அபர்ச்சர் மூடித் திறக்கும். ஆட்டோஃபோகஸ் கிடையாது. போட்டோவின் விவரத்தில் லென்ஸின் பெயர்கூடப் பதிவாகாது. ஃபோகஸும் அபர்ச்சரும் நம் விரல்களின் வேலை.

"எங்க போய் எடுத்துப் பார்க்கலாம்?" என்று கேட்டேன்.

பெரியப்பா யோசிக்கவேயில்லை. "தரங்கம்பாடி."

பெரியம்மா உள்ளே இருந்து, "அந்த ரோலை மாட்டாம விட்ட புண்ணியவானா கேக்கறது?" என்றார்.

ரோல் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரியப்பாவின் பிழைப்பில் பாதி திருக்கடையூரில் நடந்தது. அபிராமி சந்நிதியில் அறுபதாம் கல்யாணம், எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று வருடம் முழுக்கத் தம்பதிகள் வந்துகொண்டே இருப்பார்கள். மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு. எஃப் 1.4 என்று அகலமாகத் திறக்கிற இந்த லென்ஸை அவர் கடன் வாங்கி வாங்கியது அதற்காகத்தான். பூஜை முடிந்ததும் விருப்பமுள்ளவர்களைப் பக்கத்திலிருக்கும் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போய், டேனிஷ் கோட்டை முன்னால் நிற்க வைத்து ஒரு படம். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு அப்போது ரயிலே ஓடியது, 1986-இல்தான் நிறுத்தினார்கள். அந்த ரயிலில் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறார்.

ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவர், தன் அறுபதாம் கல்யாணத்தை இன்னொரு கேமரா தொடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். அப்போதே எல்லோரும் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இவர் தன் கையாலேயே ஃபிலிம் மாட்டி உதவியாளர் கையில் கொடுத்தார். 36 படம். கழுவிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஃபிலிமின் நுனி உருளையில் சிக்கவே இல்லை. எண் மட்டும் ஒவ்வொன்றாக ஏறியிருக்கிறது. ஃபிலிம் ஓடுகிறதா என்பதை இடது பக்கக் குமிழ் சுற்றுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று பெரியப்பா மாப்பிள்ளை. குமிழைப் பார்க்க ஆளில்லை.

ஆக, அவர்களின் அறுபதாம் கல்யாணத்துக்கு மிச்சம் இருப்பது, யாரோ ஒரு உறவினர் அந்தக் காலத்துப் போனில் எடுத்த ஒரே ஒரு மங்கல் படம். அதில் பெரியம்மாவின் முகம் அரிசி மணி அளவு.

பங்குனி முதல் வாரம், விடியற்காலை ஐந்து மணிக்கு மூவரும் காரில் கிளம்பினோம். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் தாண்டி முக்கால் மணி நேரம். பெரியம்மா மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். "ஏன் பெரியம்மா பட்டு?" என்று கேட்டதற்கு, "கோயிலுக்குப் போக வேண்டாமா?" என்று பதில் வந்தது.

தரங்கம்பாடிக்குள் ஒரு வெள்ளை வாசல் வழியாக நுழைய வேண்டும். 1792-இல் கட்டிய நகர வாசல். அதைத் தாண்டியதும் ராஜ வீதி, கடலைப் பார்த்து நேராக ஓடும். 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718-இல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம், மஞ்சள் வெள்ளைச் சுவர்கள், தூண் வைத்த பழைய பங்களாக்கள். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் டென்மார்க்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். வீதி முடிகிற இடத்தில் கோட்டை, அதற்கு அப்பால் வங்காள விரிகுடா. அலை பாடும் ஊர் என்ற பெயர் அந்த நேரத்தில் பொருத்தமாகத்தான் இருந்தது. மீன் வலையை உதறும் இரண்டு பேரையும் நாய்களையும் தவிர வேறு சத்தமில்லை.

சூரியன் கடலுக்குள்ளிருந்து வந்தது. நான் அவசரப்பட்டு சூரியனைப் பார்த்தே நாலு படம் எடுத்தேன். படம் முழுக்க வெள்ளைப் புகை, நடுவே பச்சையும் ஊதாவுமாக வட்டங்கள். இன்றைய லென்ஸ்களில் இருக்கும் அடுக்கடுக்கான பூச்சு இதில் கிடையாது. எதிர் வெயிலைத் தாங்காது. சிலர் இந்தப் புகைக்காகவே பழைய லென்ஸ் தேடுகிறார்கள். பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "முதுகுக்குப் பின்னால சூரியனை வெச்சுக்க. முகத்தில வெளிச்சம் விழட்டும். கோட்டை கிழக்கு பார்த்து நிக்குது, காலம்பற அதை எடுக்கணும், கடலை இல்ல."

கேமராவை அவர் கையில் கொடுத்தேன். கழுத்துப் பட்டையை முதலில் மாட்டிக்கொண்டார். வியூஃபைண்டர் பக்கத்துச் சின்னச் சக்கரத்தைத் திருப்பி அவர் கண் பவருக்குச் சரி செய்து கொடுத்தேன். ஃபோகஸ் ஆகிற இடத்தில் ஓரங்கள் சிவப்பாக மினுங்கும் வசதியையும் போட்டுவிட்டேன். ஃபோகஸ் பீக்கிங் என்பார்கள். அவர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"இது என்ன, கோட்டைக்குக் குங்குமம் வெச்சிருக்கு?"

"சிவப்பா இருக்கிற இடம் ஷார்ப்பா இருக்குன்னு அர்த்தம் பெரியப்பா."

"நிறுத்து அதை."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அபர்ச்சரை அகலத் திறந்து வைத்தால், சிவப்பு இருக்கிற இடமெல்லாம் உண்மையில் ஷார்ப்பாக இருக்காது, ஏமாற்றும். அதைவிட, ஃபோகஸ் செய்யும் இடத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் பொத்தான் நம்பகமானது. பெரியம்மாவின் கண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டியதும், பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் வளையத்தைத் திருப்ப ஆரம்பித்தார்.

கை நடுங்கியது. பெரிதாக்கிய காட்சியில் சின்ன நடுக்கமும் பூகம்பம் மாதிரி தெரியும். என் கேமராவின் உடலில் ஆட்டம் தணிக்கும் வசதி கிடையாது. சென்சாரும் ஃபிலிமைவிடச் சின்னது. அதனால் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. லென்ஸின் அளவுக்கு நெருக்கமாகக் காட்டும். நடுக்கத்தையும் சேர்த்தே நெருக்கமாகக் காட்டும். ஷட்டரை ஐந்நூறில் ஒரு பங்கு நொடியில் வைத்தேன். இரண்டு படம் எடுத்தார். இரண்டிலும் ஃபோகஸ் பெரியம்மாவுக்குப் பின்னால் சுவரில் விழுந்திருந்தது. கேமராவைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "வேணாம் பாப்பா. நீயே எடு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம்? பெரியம்மா கோட்டைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த நேரத்தில் மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா எங்கள் பக்கம் வந்து நின்றார். பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாயவரம் ஸ்டூடியோக்காரர்தானே நீங்க?"

பெரியப்பா தலையாட்டினார்.

"எங்க தம்பி படம் கொடுத்தீங்களே அண்ணே. சாமி படம் பக்கத்துல இன்னும் இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

காரில் வரும்போது பெரியம்மாதான் எனக்குச் சொன்னார். 2004 சுனாமியில் இந்தக் கரையில் வீடும் உயிரும் போனவர்களுக்குப் படங்களும் போய்விட்டன. இறந்தவர்களின் முகம் வேண்டும் என்று ஸ்டூடியோவைத் தேடி வந்திருக்கிறார்கள். ரேஷன் கார்டுக்கு எடுத்தது, கல்யாணத்தில் ஓரத்தில் நின்றது என்று பிஸ்கட் டப்பாக்களில் வைத்திருந்த நெகட்டிவ்களை ராத்திரி ராத்திரியாகத் தேடியிருக்கிறார் பெரியப்பா. கிடைத்தவற்றை அச்சுப் போட்டுக் காசு வாங்காமல் கொடுத்திருக்கிறார். கிடைக்காதவர்களைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவாராம்.

அந்த அம்மா போன பிறகு, பெரியப்பா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானாகவே என் கழுத்திலிருந்த கேமராவை வாங்கிக்கொண்டார்.

இந்த முறை வேறு மாதிரி செய்தார். எங்கள் காரின் கூரையில் இரண்டு முழங்கையையும் ஊன்றினார். அபர்ச்சரை எஃப் 5.6-க்கு மூடினார். "1.4 மண்டபத்துக்கு. வெயில்ல எதுக்கு? இதுல ஃபோகஸ் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் தாங்கும்." வளையத்தை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, பெரியம்மாவை நகரச் சொன்னார். "அரை அடி முன்னால வா… நில்லு… ஒரு விரக்கடை பின்னால." ஃபோகஸைத் தேடி லென்ஸைத் திருகுவதற்குப் பதில், ஆளையே ஃபோகஸுக்குள் வர வைக்கிறார்! மூச்சை வெளியே விட்டு நிறுத்தி, அழுத்தினார்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியம்மாவின் கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி இருந்தது. மூக்குத்தியில் காலை வெயில் ஒரு புள்ளி. பின்னால் கோட்டைச் சுவர் மெல்லக் குழைந்து, மஞ்சள் வெளிச்சத்தோடு கலந்திருந்தது. உங்கள் போனிலும் போர்ட்ரெய்ட் மோட் இருக்கும். பின்னணியை அதுவும் மங்கலாக்கும். ஆனால், அது கணக்குப் போட்டு மங்கலாக்குவது. சில சமயம் காதோரத்து முடியையும் சேர்த்து அழித்துவிடும். இது கண்ணாடி வழியாக ஒளி வந்த வழியில் தானாக நடந்தது. கொஞ்சம் கான்ட்ராஸ்ட் குறைவு, நிறத்தில் லேசான இளஞ்சூடு. எல்லா மஞ்சளும் வெயிலில் போய்விடவில்லை போல. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நடந்தோம். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய கோயில். பெருமளவைக் கடல் தின்றுவிட்டது. கரையில் கொட்டிய பாறைகளுக்கு இந்தப் பக்கம் மிச்சம் நிற்கிறது. "நான் மொதல்ல வந்தப்ப அந்தா அங்க நின்னு எடுத்தேன்" என்று பெரியப்பா கை காட்டிய இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. உப்புக் காற்று லென்ஸுக்கு ஆகாது என்று நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைப் போட வைத்தார். லென்ஸைக் கழற்றவே விடவில்லை. மணல் பறக்கிற இடத்தில் கழற்றினால் சென்சாரில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நான் சொல்ல வேண்டியது, அவர் சொன்னார்.

கிளம்பும் முன் பெரியம்மா கேமராவைக் கேட்டார். பெரியப்பா தோரணையாக நகர வாசலின் கீழே போய் நின்றார். பெரியம்மா வளையத்தைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு அழுத்தினார். படத்தில் வாசல் கூர்மையாக இருந்தது. பெரியப்பா சற்றே கலங்கல். "சரியாத்தான் இருக்கு" என்றார் பெரியம்மா. கடைசியாக இருவரையும் சேர்த்துக் கோட்டை முன்னால் நிற்க வைத்து நான் எடுத்தேன். ஒன்பது படம், ஆறு நன்றாக வந்தன. அடுத்த வருடம் பெரியப்பாவுக்கு எண்பது.

திரும்பும் வழியில் அபிராமியைக் கும்பிட்டுவிட்டு, சந்நிதித் தெருவில் இட்லி சாப்பிட உட்கார்ந்தோம். பெரியம்மா சாம்பார் வாளி வருவதற்குள் கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ரோல் மாட்டியிருக்கில்ல?"

அடி மூடியைத் திறந்து, மெமரி கார்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் காட்டினேன்.

"இத்தனூண்டா?" என்றார். பிறகு தன் தட்டிலிருந்த வடையை எடுத்துப் பெரியப்பாவின் இலையில் வைத்தார்.